சனிக்கிழமை, பதினொன்று முதல் ஒன்று வரை

ஜூன் 14, சனி

வக்கீல் தங்கவேலு சொன்னபடி இந்த நோட்டை இன்று தொடங்குகிறேன். ஒவ்வொரு சந்திப்பையும் தேதி, நேரம் போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். அடுத்த வாய்தாவுக்கு உதவும் என்றார்.

குடும்ப நீதிமன்ற உத்தரவுப்படி, சனிக்கிழமைதோறும் காலை பதினொன்று முதல் ஒன்று வரை என் மகள் மிதுலாவை நான் பார்க்கலாம். இடம், மாலின் தரைத்தளத்தில் இருக்கும் டோனட் கடை. கடையைத் தேர்ந்தெடுத்தது சுகந்தி. பொது இடமாக இருக்க வேண்டும், சுற்றி ஆட்கள் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்த புருஷனைப் பற்றி! ஆகஸ்ட் 14 வரை இப்படித்தான். அன்றுதான் குழந்தை மாதம் இரண்டு நாள் என் வீட்டில் தங்கலாமா என்று நீதிபதி முடிவு செய்வார்.

10:58. சுகந்தி மிதுவைக் கடை வாசலில் விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் எஸ்கலேட்டர் ஏறிப் போனாள். மிதுவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். மிதுவுக்கு ஹாட் சாக்லெட்டும், கலர் மிட்டாய் தூவிய பிங்க் டோனட்டும் சொன்னேன். எனக்கு ஒரு காபி. 11:06க்குச் சொன்னது 11:33க்கு வந்தது. ஹாட் சாக்லெட்டுக்குப் பதில் ஐஸ் போட்ட காபி. பிங்க் டோனட்டுக்குப் பதில் சாக்லெட் டோனட். என் காபி ஆறிப் போயிருந்தது. மேஜையில் முந்தைய ஆட்கள் விட்டுப்போன துகள். பம்பு கம்பெனியில் பதினாறு வருடமாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். இப்படி ஒரு பொருளை நாங்கள் வெளியே அனுப்பினால் டீலர் எங்களை உயிரோடு விடமாட்டான்.

கவுன்ட்டரில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. தொப்பி, ஏப்ரன், சட்டையில் செல்வராணி என்று பெயர் அட்டை. போய்க் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். தவறைத் தவறு என்றுதானே சொல்ல முடியும்?

திரும்பி வந்தபோது மிது அந்தச் சாக்லெட் டோனட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வேக வேகமாக.

"இதே போதும்ப்பா. இது நல்லாருக்கு. மாத்த வேண்டாம்."

நல்ல பிள்ளை. எதையும் அட்ஜஸ்ட் செய்துகொள்வாள்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். சிலிண்டர் புக் செய்தேன். டோனட் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு விவரமாக ஒரு புகார் மெயில் அனுப்பினேன். நேரம், ஆர்டர், பெயர் அட்டையில் இருந்த பெயர் எல்லாம் குறிப்பிட்டேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது.

ஜூன் 18, புதன்

வீட்டுச் சொந்தக்காரர் மாடித் தொட்டியைக் கழுவினார். மாலை வரை தண்ணீர் இல்லை.

ஜூன் 21, சனி

10:55க்கே வந்துவிட்டார்கள். மிது மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். நான் வாங்கிக் கொடுத்ததில்லை.

"என்ன சாப்பிடறே கண்ணு?"

"எதுவும் வேண்டாம்ப்பா."

"கடைக்கு வந்துட்டு எதுவும் வேண்டாம்னா எப்படி?"

"பசிக்கலைப்பா."

காலையில் நிறையச் சாப்பிட்டிருப்பாள் போல. ஆனாலும் ஆர்டர் சொன்னேன். மெஷின் ரிப்பேர், ஹாட் சாக்லெட் வர நேரமாகும் என்றார் அந்த செல்வராணி. இருபது நிமிடம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்க எழுந்தேன். மிது உடனே, "அப்பா, பாத்ரூம்" என்றாள். கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன். மறுபடி எழுந்தேன். மறுபடி பாத்ரூம். இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை. மூன்றும் நான் கவுன்ட்டருக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வர வேண்டுமா?

நீர்க்கடுப்பாக இருக்கலாம். சுகந்தி கவனிக்கிறாளா தெரியவில்லை. குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஜூன் 23, திங்கள்

சுகந்திக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன். குழந்தை அடிக்கடி பாத்ரூம் போகிறாள், டாக்டரிடம் காட்டவும் என்று.

மாலையில் பதில் வந்தது: "இங்கே அப்படி எதுவும் இல்லை. நாம ஒன்னா இருந்தப்ப இருந்துச்சு. மறந்துட்டீங்களா?"

இது குத்தல். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். வக்கீலிடம் காட்டலாம்.

ஜூன் 24, செவ்வாய்

காட்டவில்லை.

ஜூன் 28, சனி

இன்று ஒரு வேடிக்கை. இந்தக் கடையில் கப் மேல் பெயர் எழுதித் தருவார்கள். "பாப்பா பேரு என்னங்க சார்?" என்று செல்வராணி கேட்டார். "மிதுலா" என்றேன். அரைமணி நேரம் கழித்து வந்த கப்பில், தமிழில், கொட்டை எழுத்தில் "மெதுவா" என்று எழுதியிருந்தது.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஒரு பெயரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதா? எழப் போனேன். அதற்குள் மிது கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். விழுந்த பல்லின் ஓட்டை தெரியச் சிரிப்பு.

"அப்பா, என் பேரு மெதுவாவாம்! ஸ்கூல்ல மிஸ் அட்டெண்டன்ஸ் எடுத்தா, மெதுவா, பிரசன்ட் மிஸ்..."

இந்த மூன்று வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாத்ரூம் ஒரு முறைதான்.

ஜூலை 5, சனி

எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

நாங்கள் போனபோது கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒருவர் கவுன்ட்டருக்குள் நின்றிருந்தார். ஏரியா மேனேஜராம். முப்பது வயது இருக்கும். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண்ணை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை சொல்றது? காது கேக்காதா உங்களுக்கு? ஒரு ஆர்டர் ஒழுங்கா எடுக்கத் தெரியாதா?"

செல்வராணியின் தலை குனிந்திருந்தது. இரண்டு கையாலும் ஏப்ரனின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் என்னிடம் வந்தார். "சார், நீங்கதானே மெயில் போட்ட ஜெகதீசன்? ஆக்‌ஷன் எடுத்திருக்கோம் சார். இனிமே பிரச்சினை வராது." சொல்லிவிட்டு, இலவச டோனட்டுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார்.

திரும்பிப் பார்த்தால் மிது இல்லை. கடை முழுக்கத் தேடினேன். மூலை மேஜைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்து கூப்பிட்டேன். வரவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் மாட்டி விட்டீங்களா?"

"ஆமா கண்ணு."

"எதுக்கு?"

கையிலிருந்த கூப்பனை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி வரை அவள் பேசவில்லை. டோனட் அப்படியே இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

அந்த ஏப்ரன் ஓரத்தைச் சுருட்டும் கைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. அப்படி நிற்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் சமையலறையில், ஃப்ரிட்ஜ் பக்கத்தில், நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுகந்தி நிற்பாள்.

நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. என் மனுவில் அப்படித்தான் இருக்கிறது. அது உண்மை. வக்கீல் அதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

மனுவில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மிதுவுக்கு அப்போது ஐந்தரை வயது. மறுநாள் ஆடிட் என்று கம்பெனி ரிப்போர்ட்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மிது அதில் கிரேயானால் வரைந்திருந்தாள். நாலைந்து பக்கம் இருக்கும். என்ன வரைந்தாள் என்று நான் பார்க்கவில்லை. கையில் கிடைத்த சில்வர் டம்ளரை வீசினேன். யார் மேலும் வீசவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் பட்டது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, காலையில் பால் எடுக்கும்போது பார்த்தேன். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று நினைவில்லை. நினைவில் இருப்பது ஒன்றுதான். நான் நிறுத்தியபோது மிது நின்ற இடத்தில் ஈரமாக இருந்தது.

சுகந்தி ஒரு துணியைக் கொண்டு வந்து தரையைத் துடைத்தாள். அதற்கும் ஏதோ சொன்னேன். அந்தத் துணியை எதற்கு எடுத்தாய் என்று.

இவ்வளவு நாள் இதை நான் "குழந்தையைக் கண்டித்தேன்" என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

லீவு போட்டேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக டோனட் கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று உடனே தானாக ஒரு பதில் வந்தது. போன் செய்தேன். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெண் பேசினார். "புகாரை முடிச்சாச்சு சார், முடிச்ச புகாரை வாபஸ் வாங்க முடியாது" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

ஜூலை 12, சனி

கவுன்ட்டரில் புது ஆள். நாலு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. பிங்க் டோனட் பிங்க்காக இருந்தது. ஹாட் சாக்லெட் சூடாக இருந்தது. கப்பில் பெயர் சரி. 11:20க்குச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இத்தனை வாரமும் எது வரும், என்ன தப்பாக வரும் என்று காத்திருப்பதே எங்களுக்கு ஒரு வேலையாக இருந்திருக்கிறது.

"அந்த ஆன்ட்டி எங்கப்பா?"

விசாரித்தேன். பின்னால் பாத்திரம் கழுவ மாற்றிவிட்டார்களாம்.

"போய் ஸாரி சொல்லலாமா?" என்றேன்.

மிது என் முகத்தையே பார்த்தாள். "நீங்களா?" என்று கேட்டாள். கேலியில்லை. நிஜமாகவே சந்தேகம்.

செல்வராணி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. "ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா சார்?"

"தப்பு என்னோடதுங்க. நான் கம்பெனிக்கு எழுதினதாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு. அன்னிக்குச் சத்தம் போட்டதும் தப்பு. மன்னிச்சுருங்க."

"அய்யோ, விடுங்க சார். என் மேலயும் தப்பு இருக்குதுங்களே." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இருவது வருசம் ஸ்பின்னிங் மில்லுல ஓட்டுனவங்க நானு. மில்லச் சாத்திட்டாங்க. அந்த மிசின் சத்தத்துல காது கொஞ்சம் மந்தமாயிருச்சுங். வெளிய சொன்னா வேலை குடுக்க மாட்டாங்கன்னு சொல்லாமயே சேந்துட்டேன்."

"சத்தமாப் பேசுனா கேக்குமில்ல ஆன்ட்டி?" என்றாள் மிது.

"இல்ல கண்ணு. சத்தம் போட்டா எனக்குப் படபடன்னு வந்துரும். அப்பறம் இருக்கறதும் கேக்காது. மூஞ்சியப் பாத்து நிதானமாச் சொன்னா, உதட்ட வெச்சே புடிச்சுக்குவேன்."

மிது தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் எட்டு வயது இல்லை.

மேனேஜரிடம் பேசினேன். அவர் மசியவில்லை. புகார் கொடுத்த நானே வந்து கேட்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பார்க்கிறேன் என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். இது ஒரு வேலை என்று இத்தனை நாள் தெரியாது. ஒரு மணி நேரம் ஆனது. சாப்பிட இரண்டு நிமிடம்.

ஜூலை 19, சனி

செல்வராணி கவுன்ட்டருக்கு வந்துவிட்டார்! புது ஆள் வாரக் கடைசியில் வர முடியாது என்று நின்றுவிட்டாராம். என் கடிதத்தால் அல்ல. எதனால் என்றால் என்ன.

ஆர்டரை மிதுவே சொன்னாள். கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்து எட்டி நின்று, அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக. அவரும் குனிந்து அவள் உதட்டையே பார்த்தார். இருபது நிமிடம் கழித்து இரண்டு சரியாக வந்தன. என் காபிக்குப் பதில் எலுமிச்சை டீ. குடித்தேன். மோசமில்லை.

மிது ஸ்கூலில் நடந்ததையெல்லாம் சொன்னாள். யாரோ ஒருத்தி இவளுடைய ரப்பரைக் கடித்துவிட்டாளாம்.

பாத்ரூம் போகவே இல்லை.

ஜூலை 24, வியாழன்

வக்கீல் ஆபீஸ். வாய்தாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, நோட்டைக் கொடுங்கள் என்றார்.

"இதுல எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி இருக்குங்க சார்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். "இதையெல்லாம் கோர்ட்ல சொல்லணும்னு இல்ல ஜெகதீசன்" என்றார். ஜட்ஜ் கேட்டால் மறைக்க மாட்டேன் என்றேன். குடும்ப ஆலோசகர் ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். செவ்வாய்தோறும் போகலாமாம்.

ஜூலை 29, செவ்வாய்

போனேன். அதிகம் பேசவில்லை. அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி

மிது எதையோ கையை விரித்து விவரித்துக்கொண்டிருந்தாள். புறங்கை பட்டு ஹாட் சாக்லெட் முழுவதும் என் மேல். வெள்ளைச் சட்டை, பேன்ட், மேஜையில் இருந்த போன். நல்லவேளை, வழக்கம்போல் ஆறித்தான் வந்திருந்தது.

என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதுகிறேன். கோபம் வந்தது. தாடை இறுகியது. காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. வாயில் வார்த்தை ரெடியாக இருந்தது. மிது நாற்காலியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சட்டைதானே கண்ணு. போய் டிஷ்யூ எடுத்துட்டு வா."

குரல் நன்றாக இல்லை. ஆனால் தாழ்வாகத்தான் இருந்தது. அவள் ஓடிப்போய் ஒரு கட்டு டிஷ்யூவை அள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் துடைத்தோம். துடைத்து முடித்த பிறகும் அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும், பத்து நிமிடம் இருக்கும்.

"அப்பா, கோவம் வரலையா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"வந்துச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"உள்ளதான் இருக்கு. போயிரும்."

அவள் என் நெஞ்சைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், அது போவது வெளியே தெரியும் என்பது போல. பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

சட்டையை ஊறப் போட்டிருக்கிறேன். கறை போகாது.

ஆகஸ்ட் 9, சனி

மிதுவுக்குக் காய்ச்சல். வரவில்லை. நான் போனேன். செல்வராணி, "பாப்பா வல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். "கஞ்சி குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள்ல எந்திரிச்சுக்கும்" என்றார். ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாய்தா. வீட்டில் நடந்ததை நீதிபதி என்னிடம் கேட்டார், சொன்னேன். டம்ளரையும் சொன்னேன். சுகந்தி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு நீதிபதி மிதுவைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிடம்.

உத்தரவு: இன்னும் மூன்று மாதத்துக்கு அதே கடை, அதே நேரம். வீட்டில் தங்குவது இப்போதைக்கு இல்லை.

வராந்தாவில் சுகந்தி தானாக வந்து பேசினாள். இரண்டு வருடத்தில் முதல் முறை.

"நான் எதுவும் சொல்லித் தரலைங்க. அவளாத்தான் சொல்லிருக்கா. அப்பாவப் பாக்கணும், ஆனா இன்னும் கொஞ்ச நாளு கடையிலயே பாக்கறேன்னு."

"சரிதான்" என்றேன்.

"வருத்தமா?"

"வருத்தம்தான். ஆனா அவ சொன்னது சரிதான்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. இறங்க வேண்டிய சிங்காநல்லூரைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். நடந்து வந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

மிது இளைத்திருக்கிறாள். கோர்ட் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, "அப்பா, அடுத்த வாரமும் வருவீங்கல்ல?" என்று கேட்டாள். அவள் சொன்னதற்காக நான் வராமல் போய்விடுவேன் என்று நினைத்திருக்கிறாள்! "எல்லா வாரமும் வருவேன் சாமி" என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று கடையில் கூட்டம். மூன்று டோனட் சொன்னோம், இரண்டுதான் வந்தது. ஒன்றைச் சாப்பிட்டு முடித்து இரண்டாவதைப் பங்கு போட்டோம். மிது தன் பங்கில் மேலே இருந்த மிட்டாயெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கி, அந்தக் கடைசித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, கை கழுவப் போனாள். நான் அவள் சொன்ன ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டே, கவனமில்லாமல், அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"அப்பா!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செல்வராணிகூட நிமிர்ந்தார்.

"அது என்னோடது! கடைசியாச் சாப்பிடறதுக்குன்னு வெச்சிருந்தேன்! யாரைக் கேட்டு எடுத்தீங்க? உங்களுக்கு எப்பப் பாத்தாலும் இதே வேலை!"

இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, முகம் சிவக்க, என்னைப் பார்த்துக் கத்தினாள். என்னைப் பார்த்து. பின்னால் ஒரு அடிகூட நகரவில்லை. கண்ணைத் தாழ்த்தவில்லை. கத்தி முடித்ததும் காலால் தரையை ஓங்கி ஒரு உதை.

என் வாய் நிறைய டோனட். முழுங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து, அவளே தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து மேஜையில் டக்கென்று வைத்தாள். கோபம் தீராமலேயே.

அப்போதுதான் வாசலில் சுகந்தியைப் பார்த்தேன். மணி ஒன்று. சத்தம் கேட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தவள், பாதியில் நின்றிருந்தாள். கத்தியது யார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மிதுவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மிதுவைப் பார்த்தாள்.

"என்ன மிது? என்ன சத்தம்?"

"அப்பா என் டோனட்டத் தின்னுட்டாரும்மா!"

"தப்புதான்" என்றேன். "மூணாவது ஒண்ணு வர வேண்டியிருக்கு. அதை அவளுக்கே குடுத்தர்றேன்."

"வர எவ்வளவு நேரமாகும்?" என்று சுகந்தி என்னிடம் கேட்டாள்.

"இந்தக் கடையிலயா?"

அவள் கவுன்ட்டர் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

டோனட் 1:35க்கு வந்தது.